உரிமையாளர் நிற்க வேண்டிய இடம்

அளவைக்காரர் டேப்பைப் பையிலிருந்து எடுக்கும்போதே, அண்ணன் பூட்ஸைக் கையில் பிடித்தபடி வரப்பில் வருவது தெரிந்தது. நான் குளிர்கிடங்கில் இரவுக் காவலை முடித்து, சட்டைகூட மாற்றாமல் நேரே வயலுக்கு வந்திருந்தேன். "தூங்கிட்டுதான் இருக்கான். அவன் எந்திரிக்கிறதுக்குள்ள முடிச்சிரு" என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். முடியவில்லை.

நிலம் அண்ணன் பெயரில் இருக்கிறது. சாகுபடி மானியம் வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒருமுறை நிலத்தை அளப்பார்கள். அளந்த பிறகு உரிமையாளர் எல்லைக்கல்லை ஒட்டி நிற்க வேண்டும், படம் எடுத்து ஏற்றுவார்கள். அந்தத் திட்டம் வந்த வருடம்தான் அண்ணன் சண்டை போட்டுக்கொண்டு பத்திரத்தோடு கிளம்பிப் போயிருந்தான். "நீ போய் நில்லுடா. ரெண்டு பேருக்கும் ஒரே மூக்குதான்" என்றாள் அம்மா. அவன் நிற்பதுபோலவே இருக்கட்டும் என்று இடுப்பில் கைவைக்கவும் சொல்லிக்கொடுத்தாள். ஒருமுறைதானே என்று நின்றேன். அடுத்த வருடம் முகத்தை மாற்ற வழியில்லை. இப்போது நான்கு படங்களில் அண்ணன் பெயருக்கு மேலே என் முகம் இருக்கிறது. அவனும் அம்மாவும் சேர்ந்து வைத்திருந்த கணக்கில் பணம் விழுந்தது. விதைக்கும் கூரைக்கும் போனது. நான் அதில் பீடிகூட வாங்கவில்லை. அதைச் சொன்னால் யாரும் விட்டுவிடப் போவதில்லை.

நேற்று மாலை திரும்பி வந்தவன், நிலத்தை விற்கப் போவதாகச் சொன்னான். விற்க வேண்டுமென்றால் மானியப் பதிவில் இருக்கும் படமும் விற்பவன் முகமும் ஒத்துப்போக வேண்டும். அந்த முகம் தன்னுடையது இல்லை என்று அவன் சொன்னால் நான் சிறைக்குப் போவேன். சொல்லாவிட்டால் அவனால் ஒரு அடி மண்ணைக்கூட விற்க முடியாது. மூன்று பேருக்கும் இது தெரிந்திருந்தது. மூன்று பேரும் சாப்பிட்டோம். "காவக்காரன் வேலைன்னாங்க. என்னையே களவாண்டு வச்சிருக்க" என்று தட்டைப் பார்த்துச் சொன்னான். நான் வேலைக்குக் கிளம்பினேன். அவன் கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"இவர் யாரு?" என்றார் அளவைக்காரர்.

அண்ணன் பூட்ஸை வரப்பில் வைத்தான். அவசரமே இல்லை.

"கூலிக்கு வந்தேன் சார்."

"இஸ்திரி போட்ட சட்டையோட கூலிக்கா?"

"மொதலாளி நல்லா குடுக்கறாரு." என்னைப் பார்த்தான். "என்ன மொதலாளி, குடுப்பீங்கல்ல?"

அளவைக்காரர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். டேப்பின் முனையை வாங்கிக்கொண்டு அண்ணன் பயிருக்குள் இறங்கி நடந்தான். எந்த வாய்க்காலை எங்கே தாண்ட வேண்டும் என்பதைக் கால் மறக்கவில்லை. தூரத்து எல்லைக்கல்லை அடைந்ததும் டேப் விறைத்தது. மறுமுனை என் விரலில் வெட்டியது. அளவைச் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். பிறகு உரிமையாளர் கையெழுத்து என்று போட்டிருந்த இடத்தைக் காட்டினார். அண்ணன் கையெழுத்தை எனக்கு இப்போது பார்க்காமலே போட வரும். போட்டேன்.

"சரி, கல்லுகிட்ட போய் நில்லுங்க. ஒரு படம், அவ்வளவுதான்."

பாதி தூரம் போனபோதே பார்த்துவிட்டேன். அண்ணன் டேப்பைக் கீழே போட்டுவிட்டு, ஒரு காலை எல்லைக்கல்மேல் வைத்து, இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தான்.

பின்னாலிருந்து அளவைக்காரர் குரல் வந்தது. "அந்தக் கூலிக்காரர தள்ளிப் போகச் சொல்லுங்க. படத்துல விழறாரு."

நான் கல்லிலிருந்து நான்கு அடி தள்ளி நின்றேன். அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலாக, உயர்ந்திருந்த போனை நேராகப் பார்த்துக்கொண்டு, முகத்தில் வெயில் விழும்படி தாடையைக் கொஞ்சம் தூக்கினான்.