சொதப்பல் என்று பெயர் வைத்தவள்

மாலை வகுப்பில் ஆசிரியை கொடுத்த வேலை எளிதாகத்தான் தெரிந்தது. ஒரு கொச்சைச் சொல்லை எடுத்துக்கொண்டு, அது எங்கெல்லாம் பெயராக ஒட்டிக்கொண்டது என்று பட்டியல் போட வேண்டும். அவள் 'சொதப்பல்' என்ற சொல்லை எடுத்தாள். ஒரு சினிமா, ஒரு பாட்டுக் குழு, படக்கதையில் வரும் குரங்கு, கைபேசி விளையாட்டு, ஒரு டீ-ஷர்ட் கம்பெனி, டிவி போட்டியில் கடைசியாக வருபவருக்குக் கொடுக்கும் கோப்பை என ஆறு தேறின. ஏழாவதாக எழுதியதுதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. கல்லூரி வானொலிக்கு அவளே எழுதிய நாடகத்தின் நாயகன், லிஃப்ட் மெக்கானிக் சொதப்பல்.

"நல்லா இருக்கே! யாரைப் பாத்து இந்தப் பேர வெச்சே?" என்றார் ஆசிரியை.

"சும்மா, கற்பனைதான் மேடம்."

கற்பனை இல்லை. அவளுடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் ஒரே ஒரு முறை வயரிங்கில் கைவைத்தான். யாரோ காலிங் பெல்லை அழுத்த, சமையலறையில் மிக்சி சுற்றியது. மூடி பறந்து சுவரெல்லாம் தக்காளி. நாடகம் ஒலிபரப்பான அன்று அவனும்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதோடு விட்டிருக்கலாம். பிறகு 'சொதப்பல்' சினிமா வந்த வாரம், 'அசல் சொதப்பல் இவர்தான்' என்று அண்ணனின் போட்டோவை இணையத்தில் போட்டாள். ஊரே பகிர்ந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வகுப்புக்கு மறுநாள் மாலை வீட்டுச் சாவி வாங்க, அண்ணன் வேலை பார்க்கும் பன்னிரண்டு மாடிக் குடியிருப்புக்குப் போனாள். மொட்டைமாடி மோட்டார் அறையில் அண்ணன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். குடியிருப்புச் செயலாளர் எதிரே நெளிந்துகொண்டிருந்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வேலையில ஒரு குத்தமும் இல்ல. ஆனா சொதப்பல் கையெழுத்துப் போட்ட லிஃப்ட்ல ஏற மாட்டோம்னு நாலு வீட்டுக்காரங்க ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. இனிமே சான்றிதழ்ல வேற ஆள் கையெழுத்துப் போடட்டும்."

"சரி சார்," என்றான் அண்ணன். அந்தக் கையெழுத்துப் போடும் தகுதிக்காக இரண்டு வருஷம் படித்துப் பரீட்சை எழுதியவன்.

செயலாளர் போனதும் அவள், "அண்ணா, அந்த போட்டோவ நான்..." என்று ஆரம்பித்தாள்.

"விடு கழுதை. குடோன் லிஃப்டுக்கு மாத்தல் கேட்டுட்டேன். மூட்டைங்கல்லாம் சினிமா பாக்காது."

சிரிக்கத்தான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

படியிறங்கி மேல்மாடிக்கு வந்து, இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். காய்கறிப் பையோடு உள்ளே வந்த ஓர் அம்மாள் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். சுவரில் அவன் கையெழுத்தோடு இருந்த சான்றிதழைப் பார்த்தாள்.

"நீங்க போங்கப்பா. நான் படியிலயே இறங்கிக்கிறேன்."

பன்னிரண்டு மாடி. அண்ணன் கதவு மூடும்வரை அதற்கான பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தான். தங்கை சொல்ல வேண்டியதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். இரண்டு முறையும் நாடக வசனம் மாதிரி இருந்தது. லிஃப்ட் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கீழே வந்து நின்றது.