லீடர் இல்லாமல் பிடித்த மீன்

மஹ்தியா துறைமுகத்தில் தூண்டில் சாமான் விற்கும் கடைகள் இரண்டு. ஒன்று மீன் சந்தைக்கு எதிரில். அதில் உட்கார்ந்திருப்பவருக்கு மீசை உண்டு. மற்றது கோட்டை வாசலை ஒட்டிய சந்தில். அதில் உட்கார்ந்திருப்பவள் தோர்ஸாஃப். நூலைப் பற்றி மீசைக்காரர் சொன்னால் அது அனுபவம். அதையே தோர்ஸாஃப் சொன்னால் வாயாடித்தனம். ஆனால் அறுந்த நூலோடு வருகிறவர்கள் மட்டும் எப்படியோ சந்துக்குத்தான் வந்தார்கள். அறுந்ததை எடுத்துக்கொண்டு போய் ஒரு மீசைக்கு முன்னால் காட்டுவதென்றால் யாருக்கும் கூச்சமாக இருக்காதா?

யார் வந்தாலும் அவள் மூன்று கேள்வி கேட்பாள்.

"தண்ணி தெளிவா, கலங்கலா? அடியில மணலா, பாறையா? பிடிக்கப்போற மீனுக்குப் பல்லு உண்டா?"

கலங்கல், மணல், பல்லில்லை என்று பதில் வந்தால், "பின்னல் நூலையே நேரா முள்ளுல கட்டிக்கோங்க, போதும்" என்று அனுப்பிவிடுவாள். மூன்றில் ஒன்று மாறினாலும் பின்னல் நூலின் நுனியில் ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்துக்குக் கெட்டியான தங்கூசி நரம்பை இணைத்துக் கொடுப்பாள். அதுதான் லீடர். பின்னல் நூல் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும், ஆனால் பாறையில் ஒரு தடவை உரசினால் போயிற்று. நரம்பு உரசலைத் தாங்கும், தண்ணீருக்குள் மீனின் கண்ணுக்கும் படாது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். தோர்ஸாஃபே ஒன்பதாம் வகுப்போடு நின்றவள்தான்.

வீட்டில் அவள் வாய் திறக்க மாட்டாள். விருந்தாளி வந்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். கடைப் பலகைக்குப் பின்னால் மட்டும்தான் அவளுக்குக் குரல் வரும். அந்தப் பலகையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவளுக்கு மாப்பிள்ளையாக வாய்த்தவன் லஸ்ஸாத். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. மீன் பிடிக்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது, அதனால் அவனுக்கு எல்லாம் தெரியும். மிச்சம் மீதி இருந்ததையும் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டுவிட்டான்.

ஒருநாள் கடைக்கு வந்து, ஒரு கட்டு நூலைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் பலகையின் மேல் வைத்தான். கிளிப்பச்சை நிறம்.

"பாரு, எட்டு இழை. தூனிஸ்லேர்ந்து வரவழைச்சேன். உன்கிட்ட இருக்கிறதெல்லாம் நாலு இழை, சாக்கு தைக்கிற நூலு மாதிரி."

தோர்ஸாஃப் விரலில் சுற்றிப் பார்த்தாள். "வழவழன்னு இருக்கு. தூரமாப் போய் விழும். எங்க போடப்போற?"

"முனையில. கலங்கரை விளக்கத்துக்குக் கீழ."

"அங்க பூராவும் பாறை. நாலு இழைதான் கொஞ்சமாவது தாக்குப்பிடிக்கும். சரி, ஆசைப்பட்டு வாங்கிட்ட, எட்டையே போடு. லீடர் மட்டும் கட்டிக்கோ."

"லீடரா?" லஸ்ஸாத் சிரித்தான். "நூல் மேல நம்பிக்கை இல்லாதவன் கட்டுறது அது."

எந்த வீடியோவில் பொறுக்கியது என்று அவள் கேட்கவில்லை.

லஸ்ஸாத்தின் குடும்பம் ஸ்ஃபாக்ஸ் என்ற ஊரிலிருந்து வந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் மணப்பெண் ஒரு பெரிய மீனை ஏழு தடவை தாண்டவேண்டும், அப்போதுதான் வீடு விளங்கும் என்பது அவர்கள் வழக்கம். அந்த மீனை மற்ற மாப்பிள்ளைகள் சந்தையில் வாங்கி வருவார்கள். யாருக்கும் மரியாதை குறைந்ததில்லை. லஸ்ஸாத்துக்கு அது போதவில்லை. நிச்சயதார்த்தத்தன்று, வாய் நிறைய பக்லாவா இனிப்போடு, இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் அறிவித்தான்.

"என் நூல்ல, லீடர் இல்லாம, நானே பிடிச்ச மீனைத்தான் தோர்ஸாஃப் தாண்டப்போறா. பிடிச்சுட்டேன்னா அவ கடைச் சாவியை என்கிட்ட கொடுத்துடணும். பொண்டாட்டி சந்துல உட்கார்ந்து ஆம்பிளைங்களுக்குப் புழு விக்கிறான்னு ஆபீஸ்ல பேச்சு வருது."

"பிடிக்கலேன்னா?" என்றாள் தோர்ஸாஃப். கதவுக்குப் பின்னாலிருந்து வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டு எல்லாரும் பூனையோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"பிடிக்கலேன்னா சாவி உனக்கே" என்றான் லஸ்ஸாத், மத்தியதரைக் கடலையே எழுதிக் கொடுப்பவன்போல.

அவளுடைய தகப்பனார் பாதாமைக் கடித்துக்கொண்டே தலையாட்டினார். முட்டி வலி வந்து தூண்டில் கடையை மகளிடம் விட்ட நாளிலிருந்து அவர் காபிக் கடையில் சீட்டாடுகிறவர். கடை யார் கையில் இருக்கிறது என்பது சீட்டுக்கட்டில் எழுதியிருக்கவில்லை.

அப்புறம் லஸ்ஸாத் தினமும் சாயங்காலம் முனைக்குப் போனான், தினமும் ஒரு கதையோடு திரும்பி வந்தான். முதல் நாள் மாட்டியது கழுதை அளவு. இரண்டாம் நாள் கழுதைக்கு அண்ணன். மூன்றாம் நாள் பாலைவனத்திலிருந்து வரும் ஷெலுக் காற்று அடித்துக் கெடுத்தது. நான்காம் நாள் நிலா சரியில்லை. இருட்டுவதற்கு முன்பே திரும்பிவிடுகிறவனுக்கு நிலாவோடு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, மாப்பிள்ளை ஆயிற்றே.

ஐந்தாம் நாள் அறுந்த நுனியைக் காட்டினான். தோர்ஸாஃப் அதை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நுனி பஞ்சு மாதிரி பிரிஞ்சு கிடக்கு. இது மீன் அறுத்தது இல்ல, பாறை அறுத்தது."

"பாறைக்கு அந்தப் பக்கம் மீன் இருந்துச்சுல்ல?"

"இருந்திருக்கும். இப்பவும் இருக்கும், உன் முள்ளோட."

"பேச்சைக் குறை. சாவிக்கு எண்ணெய் போட்டு வை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு அவன் தாயார் லெல்லா மன்னூபியா கடைக்கு வந்தாள். வெள்ளைப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, சந்தில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, காய்கறிப் பையிலிருந்து ஒரு ரீலை எடுத்து வைத்தாள். மேலே ஒரு கட்டுக் கொத்தமல்லி ஒட்டிக்கொண்டிருந்தது.

"என் தங்கச்சி மகனுக்கு. என்னமோ லீடராமே, அதைக் கட்டித் தரணுமாம்."

ரீலில் சுற்றியிருந்தது கிளிப்பச்சை. ஊரிலேயே அந்தப் பச்சை ஒன்றே ஒன்றுதான்.

"லெல்லா, உங்க தங்கச்சிங்க ரெண்டு பேருக்கும் பொண்ணுங்கதானே?"

"இது பக்கத்து வீட்டுத் தங்கச்சி" என்றாள் லெல்லா மன்னூபியா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"சரி. தண்ணி எப்படி?"

"தெளிவாம்."

"அடியில?"

"பாறையாம். தினமும் அதைத்தானே பிடிச்சுட்டு வர்றான்."

"மீனுக்குப் பல்லு?"

"மீனுக்கு இருக்கு, மூளையும் இருக்கு. உனக்கு வேலை தெரியுமில்ல, கட்டு."

தோர்ஸாஃப் நரம்பை ஒரு பாகம் அளந்து வெட்டினாள். நரம்பை விரைப்பாக இழுத்துப் பிடித்து, பச்சை நூலை அதன்மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சடை பின்னுவதுபோல் சுற்றினாள். இருபது சுற்று வேண்டும். பன்னிரண்டில் கை நின்றது. இங்கேயே முடித்துவிட்டால் பார்ப்பதற்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கனமான மீன் ஒரு இழுப்பு இழுத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். மீன் போகும், சாவி இருக்கும். லஸ்ஸாத்துக்குச் சொல்ல இன்னொரு கழுதை கிடைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை.

லெல்லா மன்னூபியா அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழுக்குகிற முடிச்சு ஒன்று இந்தப் பலகையைத் தாண்டி வெளியே போய்விட்டால், அப்புறம் சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தோர்ஸாஃப் பதின்மூன்று, பதினான்கு என்று இருபதுவரை சுற்றினாள். எச்சில் தொட்டு இறுக்கினாள். பலகைக்கு அடியிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்து, எல்லா முடிச்சுக்கும் வைப்பதுபோல இதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். முடிச்சு நெகிழாமல் இருக்கும்.

"மீசைக்காரன் கடைதான் எங்க வீட்டுக்குக் கிட்ட" என்றாள் லெல்லா மன்னூபியா, ரீலைக் கொத்தமல்லிக்கு அடியில் மறைத்துக்கொண்டே.

"அப்புறம் ஏன் லெல்லா இவ்வளவு தூரம்?"

"இங்க நல்லா காத்து வருது."

சந்தில் காற்று என்பதே கிடையாது.

கல்யாணம் நடந்தது. மறுநாள் விடியலில், மாப்பிள்ளை எங்கே என்று கேட்ட உறவினர்களுக்கு, மீன் பிடிக்கப் போயிருக்கிறார் என்று பதில் சொன்னார்கள். புதுப்பெண்ணை விட்டுவிட்டு எந்த மீனுக்கு இந்தப் பாக்கியம் என்று கிழவிகள் வியந்தார்கள். பத்து மணிக்கு லஸ்ஸாத் வந்தான், கையில் ஒரு களவா மீன். நாலு கிலோ தாராளமாக இருக்கும். கழுதை அளவு இல்லை, ஆனால் உண்மையான மீன்.

முற்றத்தில் செம்புத் தாம்பாளத்தில் மீனைக் கிடத்தினார்கள். தூண்டில் முள் அதன் வாயிலேயே இருந்தது. அது லெல்லா மன்னூபியாவின் யோசனை. "முள்ளை எடுத்துடாதே, சந்தையில வாங்கினதுன்னு சொல்லிடுவாங்க. நூலையும் கொஞ்சம் தாராளமா விட்டு வெட்டு, உன் பச்சையை நாலு பேரு பார்க்கட்டும்" என்று மகனிடம் சொல்லியிருந்தாள். யோசனை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தண்ணீருக்குள் கண்ணுக்குப் படாத நரம்பு முற்றத்து வெயிலிலும் படாது என்று நம்பினான். போனில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

"முதல்ல சாவி" என்றான் லஸ்ஸாத், எல்லாருக்கும் கேட்கும்படி. "லீடர் இல்லாம பிடிச்சாச்சு."

தோர்ஸாஃப் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைத் தன் ஜெப்பா அங்கியின் பைக்குள் போட்டு, மேலே இரண்டு தட்டுத் தட்டினான்.

சாம்பிராணி போட்டார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். தோர்ஸாஃப் பட்டுப் பாவாடையைத் தூக்கிக்கொண்டு முதல் தடவை தாண்டினாள். குலவை. இரண்டாம் தடவை தாண்டியபோது தாம்பாளத்துக்கு வெளியே சுருண்டு கிடந்த பச்சை நூலைப் பார்த்தாள். மூன்றாம் தடவை, பச்சை முடிகிற இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. பக்கத்திலேயே மருதாணியிட்ட அவளுடைய கால், அதே சிவப்பு நகங்களோடு. நான்கு, ஐந்து, ஆறு. முப்பது பேர் இருக்கிற முற்றத்தில் அவள் எப்போது பேசினாள்?

ஏழாவது தடவைக்குக் காலைத் தூக்கியவள், அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"லஸ்ஸாத்."

"என்ன?"

"லீடர் இல்லாமதானே பிடிச்ச?"

"அதான் சொன்னேனே!"

"அப்ப மீன் வாயிலேர்ந்து இந்தச் சிவப்பு வரைக்கும் பளபளன்னு கிடக்கே, அது என்ன?"

லஸ்ஸாத் குனிந்து பார்த்தான். வெயில் நரம்பின்மேல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது.

"அது எச்சில். களவாவுக்கு எச்சில் நீளமா வரும்."

"எச்சிலுக்கு நகப்பூச்சு யாரு போட்டா?" என்று கேட்டு, தன் காலை அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில் நீட்டினாள். "என் கடையில கட்டின முடிச்சு அது. சாவியைக் கொடு."

யாரோ ஒருத்தி சிரித்தாள். அப்புறம் முற்றம் முழுக்கச் சிரித்தது. லஸ்ஸாத் தாயாரைப் பார்த்தான்.

"யும்மா, நீதானே போய்..." என்று ஆரம்பித்து, மிச்சத்தைச் சொன்னால் என்ன ஆகும் என்பது புரிந்து வாயை மூடிக்கொண்டான்.

"நான் எங்கயும் போகல" என்றாள் லெல்லா மன்னூபியா. "பக்கத்து வீட்டுத் தங்கச்சி மகனைக் கேளு."

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, குஸ்குஸ் ஆறுது" என்று ஒரு அத்தை கத்தினாள்.

தோர்ஸாஃப் அசையவில்லை. ஆறோடு நின்றுபோன மணப்பெண்ணை ஸ்ஃபாக்ஸ் வம்சத்தில் யாரும் கண்டதில்லை. அப்படி நின்றால் என்ன கேடு வரும் என்றுகூட யாருக்கும் தெரியாது. தெரியாததால் பயம் இன்னும் அதிகம். கிழவிகள் லஸ்ஸாத்தை முறைத்தார்கள். அவன் கை தானாகவே ஜெப்பாப் பைக்குள் போயிற்று.

தோர்ஸாஃப் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, முடிச்சை இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு மயிரிழைகூட நகரவில்லை. பிறகு பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஏழாவது தடவை தாண்டினாள். குலவை சுவரில் மோதிக் கடல்பக்கம் போயிற்று.

லெல்லா மன்னூபியா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு காதோரம் சொன்னாள்: "திங்கக்கிழமை எட்டு மணிக்குக் கடையைத் திறந்துடு. சாயங்காலம் வரைக்கும் வீட்டுப் பக்கம் தலை காட்டாதே. என் சமையலறையில ரெண்டு பேருக்கு இடம் இல்ல."

முற்றத்தின் அந்தப் பக்கம் லஸ்ஸாத், காது மந்தமான மாமா ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, எட்டு இழையின் மகிமையை முதலிலிருந்து விளக்கத் தொடங்கியிருந்தான்.