ஜமீலுன்னிசா எடுத்த குழாய்

மெட்ராஸைச் சென்னை என்று மாற்றிய வருடம். பாண்டி பஜார் நடைபாதையில் வசிக்கும் எட்டுப் பேருக்கு நான் காமிரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஆளுக்கு ஒரு காமிரா, ஒரு பிலிம் ரோல். "உங்க வாழ்க்கையை நீங்களே எடுங்க. யாருக்கும் தெரியாததைக் காட்டுங்க" என்றேன். சொல்வதற்கு எனக்கென்ன, வாயா வலிக்கப் போகிறது?

மற்றவர்கள் பஸ்ஸை எடுத்தார்கள், ஒருவரையொருவர் எடுத்துத் தள்ளினார்கள். ரங்கநாதன் தெருவில் ரிப்பன், ஹேர்பின் விற்கும் ஜமீலுன்னிசா மட்டும் தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தின் பின்பக்கத்தை எடுத்திருந்தார். ஒரு குழாய், பச்சை பக்கெட், சுவரில் காயும் புடவை. விடியற்காலையில் வாட்ச்மேன் வேலு கதவைத் திறந்துவிடுவாராம். ஆறு வருடமாக ஜமீலுன்னிசா அங்கேதான் குளிக்கிறாராம்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. படத்தைப் பெரிதாக்கி, மயிலாப்பூரில் கண்காட்சி ஹாலின் நட்டநடுவே மாட்டினேன். கீழே தெருப் பெயரோடு நானே நாலு வரி எழுதியும் வைத்தேன்.

திறப்பு விழாவுக்கு வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, "விசாலாக்ஷி மேடம், இது எங்க ஆபீஸ் பின்பக்கமாச்சே!" என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு "அப்படியா சார்!" என்றேன்.

பிறகுதான் ஜமீலுன்னிசா வந்தார். படத்தைப் பார்த்ததும் அதற்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படம் மறைக்குது."

"மறைக்கத்தான் நிக்கிறேன். இத்த இன்னாத்துக்கு டீச்சர் இங்க மாட்டிக்கீறீங்க? ஆபீஸ்காரன் பாத்தான்னா குழாயும் போச்சு, வேலு அண்ணன் வேலையும் போச்சு."

"நான்தானே காட்டச் சொன்னேன்..."

"சொன்னீங்க, காட்டினேன். உங்களுக்குத்தான் காட்டினேன். ஊருக்கா காட்டினேன்?"

படத்தைக் கழற்றினேன். கழற்றி என்ன பிரயோஜனம்?

நாலாம் நாள் காமிராவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வேலுவை நிறுத்திவிட்டார்களாம். கதவுக்குப் புதுப் பூட்டாம். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. காமிராவை மேஜையில் வைத்துவிட்டு எட்டவே நின்றார். நான் அருகில் போனதும் பின்னால் நகர்ந்தார்.

"கிட்ட வராதீங்க டீச்சர். மூணு நாளா குளிக்கல."

வெட்கத்தில் செத்துப்போனேன். மந்தைவெளியில் எங்கள் வீட்டில் இரண்டு குளியலறைகள். "வாங்க, நம்ம வீட்ல குளிங்க" என்று சொல்லியிருக்கலாம். மாமியார் என்ன சொல்வார், தினமும் வந்தால் என்ன செய்வது என்று மனம் ஓடியது.

"ஏதாவது ஏற்பாடு பண்றேன்" என்றேன்.

"சரி டீச்சர்" என்றார்.