கேட்டிலிருந்து சந்தி வரை

அஸர் பாங்கு சொன்னதும் என் கணவர் ஷிப்லி தொப்பியைப் போட்டுக்கொண்டு, என் கூடப்பிறந்த காக்கா அதாவுல்லாவைப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போக அவர் வீட்டுக்குப் போய்விடுவார். காக்காவுக்கும் எனக்கும் பாரிசவாதம், இருவருக்கும் இடது பக்கம். அவருக்கு நோன்புக்கு முன்னால் வந்தது, எனக்குப் பெருநாள் கழிந்து. முதல் ஆறு மாதம் நன்றாக நடக்க வேண்டும் என்றுதான் டொக்டர் இரண்டு பேருக்கும் சொன்னார்.

காக்காவை ஐந்து வக்துத் தொழுகைக்கும் யாராவது கைபிடித்துப் பள்ளிக்கு நடத்திப் போனார்கள். இப்போது தடியை வீசிக்கொண்டு வருகிறார். எனக்குத் தொழுகை வீட்டுக்குள், கதிரையில் உட்கார்ந்தபடி. எழும்பினால் மகள் றிப்னா ஓடி வருவாள்.

"உம்மா, விழுந்திருவீங்க. இருங்க!"

சோறு பொங்கினால் மட்டும் அந்தப் பயம் மறந்துபோகும். "உம்மா, அடுப்பப் பாருங்க!" என்று அறைக்குள்ளிருந்து கத்துவாள். ஆறு எட்டு வைத்துப் போய் அணைப்பேன். என் பயிற்சி அவ்வளவுதான்.

என் மனிசன் எனக்குக் கால் பிடித்துவிடுவதில்லை என்று சொல்ல மாட்டேன். பிடித்துவிடுவார், கதவைச் சாத்திவிட்டு. எனக்கு அந்தக் கை வெளியில் வேண்டும். கேட்டிலிருந்து சந்தி வரை போதும். ஐம்பத்து மூன்று வயதில் இப்படி ஏங்குவது எனக்கே வெட்கம்தான். ஆனாலும் ஏங்கினேன்.

நேற்று அவர் காக்காவை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, அபாயா உடுத்துக் கேட்டடியில் நின்றேன்.

"எங்க வெளிக்கிட்டாய்?"

"சந்தி மட்டும். காக்காவக் கூட்டிப் போற மாதிரி என்னையும் ஒரு நாளைக்குக் கூட்டிப் போங்க."

"ரோட்டுலயா? சனம் பாத்தா என்ன நினைக்கும், புள்ள?"

"பொஞ்சாதி நடக்கிறா எண்டு நினைக்கும்."

சிரித்தார். வீதியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். மாவடிப்பள்ளி வயலில் மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. பன்னிரண்டு எட்டு நடந்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது சந்தியில் ஒரு ஆட்டோ திரும்பியது. உள்ளே தெரிந்த முகங்கள். கை விலகியது. அவர் தொப்பியைச் சரிசெய்வதுபோல் நின்றார்.

நான் விழவில்லை. மதிலைக்கூடப் பிடிக்காமல் நின்றேன்.

"மாஷா அல்லாஹ், தனிய நிக்கிறாய் புள்ள!" அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். டொக்டர் கண்டாலும் சந்தோஷப்பட்டிருப்பார்.

எனக்கோ, விழுந்திருக்கலாமே என்றிருந்தது. விழப் போயிருந்தால் ஆட்டோவைப் பார்த்திருக்க மாட்டார், என்னைப் பிடித்திருப்பார்.