டேப்பில் தேறியவள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் கறந்து முடித்ததும் டாலஃப்சன் வீட்டுச் சமையலறையில் அளவெடுப்பு நடக்கும். ப்ரென்னா மூச்சை வெளியே விட்டுவிட்டு அசையாமல் நிற்பாள். அம்மா லோர்னா அவள் கழுத்திலும் வயிற்றிலும் இடுப்பிலும் டேப்பைச் சுற்றிப் பிடித்து எண்களைச் சொல்வாள். அப்பா கேரி முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தபடி மனக்கணக்குப் போடுவார். கழுத்து பருமனாக இருந்தால் நல்லது. வயிறும் இடுப்பும் கூடினால் கெட்டது.

"இன்னும் கொழுப்பு கூடத்தான் காட்டுது," என்றார் ஏப்ரல் மாதத்து ஒரு ஞாயிறன்று. "லோர்னா, நீ டேப்பத் தளர்த்திப் பிடிக்கற. அங்க பிடிக்கப்போறது நீ இல்ல."

"பிள்ளைக்கு மூச்சு முட்டுது, கேரி."

"இப்ப முட்டட்டும். அங்க போய் முட்டக் கூடாது."

தங்கையின் பெயர் ஜோடி. அவள் அடுப்படியில் நின்று பொரித்த சாசேஜைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயது, குச்சி மாதிரி உடம்பு. "நம்ம வீட்டுல மாட்டுக்குக்கூட இவ்வளவு அளவெடுக்கறதில்லக்கா," என்றாள். ப்ரென்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை.

குண்டெறிதலில் மாநிலப் பதக்கம் வாங்கியவள் ப்ரென்னா. அந்தத் தோளையும் தொடையையும் பார்த்துத்தான் நாட்டின் கிழக்குக் கரையில் இருந்த ராணுவக் கல்லூரி அவளைத் தேடி வந்தது. இடம் கொடுத்த கையோடு நிபந்தனையும் போட்டார்கள். சேரும் நாளில் எடை வரம்பைத் தாண்டினால் டேப் வைத்து உடம்புக் கொழுப்பைக் கணக்கிடுவார்கள். அதிலும் தேறாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். எந்த உடம்பைப் பார்த்துக் கூப்பிட்டார்களோ அதே உடம்பைக் கரைத்துக்கொண்டு வரச் சொல்கிறார்களே என்று அவள் ஒருமுறை சொன்னபோது அப்பாவின் முகம் கல்லாகிவிட்டது. பகுதிநேரப் படையில் சார்ஜண்டாக இருந்தவர் அவர். இடுப்பு அளவு மீறியதென்று, ஓய்வூதியத்துக்குக் கொஞ்ச காலமே பாக்கி இருந்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

மே மாதம் வந்தது. திடீரென்று எடை இறங்கத் தொடங்கியது.

ப்ரென்னாவுக்கே வியப்பாக இருந்தது. சாப்பாட்டை முன்னமே குறைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு ஊரே போகும்போது அவள் மட்டும் வயல் வரப்பில் ஓடிக்கொண்டிருப்பாள். அப்போதெல்லாம் அசையாத தராசு முள் இப்போது வாரத்துக்கு வாரம் சரிந்தது. அப்பா தினமும் காலையில் தன் கையாலேயே அவளுக்குச் சத்துமாவு கலந்த பாலைக் கலக்கிக் கொடுத்தார். வாழ்நாளில் ஒரு முட்டைகூடப் பொரித்தறியாத மனிதர். அவள் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்.

நாக்கு எப்போதும் வறண்டு கிடந்தது. வகுப்பில் உட்கார முடியவில்லை, கழிப்பறைக்கு ஓடிக்கொண்டே இருந்தாள். கெண்டைக்கால் கயிறு முறுக்கினதுபோல் இழுத்தது. ஒருநாள் தொழுவத்தில் குனிந்து நிமிர்ந்தவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற பசுவின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சுக்குள் எதுவோ ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடுத்த துடிப்பில் தடுக்கி விழுந்தது.

"கொழுப்பு கரையறப்ப அப்படித்தான் இருக்கும்," என்றார் அப்பா. "பொறுத்துக்கோ, கண்ணு."

ஜூன் நடுவில், கால் ஊன்றாத ஒரு பசுவைப் பார்க்க மாட்டு டாக்டர் பாலெட் வந்தாள். அப்பா விதை வாங்க டவுனுக்குப் போயிருந்தார். குளம்பைச் சீவிக் கட்டுப் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே பாலெட் கேட்டாள்.

"மடி வீக்கத்துக்கு மாத்திரை இன்னும் வேணும்னு உங்கப்பா சொல்லிவிட்டாரு. இது ரெண்டாவது தடவை. எத்தனை மாடு கன்னு போட்டுது இந்த வசந்தத்துல?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

"அதுக்கு மடி வீங்கிச்சா?"

"இல்லியே. நல்லாத்தான் இருக்கு."

பாலெட் துண்டில் கையைத் துடைத்தாள். "அப்ப வேற யாருக்காவது குடுக்கச் சேர்த்து வைக்கறாரோ என்னவோ. அந்த மாத்திரை உடம்புல இருக்கற தண்ணிய எல்லாம் மூத்திரமா இழுத்துக் கொட்டிரும். ஜாக்கிரதையா வைக்கச் சொல்லு. ஜோடி கையில கிடைச்சிடப் போவுது."

வண்டி போன பிறகும் ப்ரென்னா தொழுவ வாசலிலேயே நின்றாள். காலைப் பாலும் வறண்ட நாக்கும் அவள் நினைவில் ஒன்றாக வந்தன.

அப்பா திரும்பி வந்ததும் பால் அறையில் பிடித்துக்கொண்டாள். "என் பால்ல என்ன போடறீங்க?"

அவர் மறைக்கவில்லை. பால் தொட்டியின் மூடியைச் சரிசெய்துவிட்டு நிதானமாகத் திரும்பினார். "மாட்டுக்குப் போடற அளவுல போடல. உன் எடைக்குக் கணக்குப் பண்ணி, தூள் பண்ணித்தான் போடறேன். உனக்கு ஒண்ணும் ஆக விடுவேனா?"

"எங்கிட்டக் கேக்கலியே."

"கேட்டா வேண்டாம்பே. ப்ரென்னா, நிறுத்தினா மூணே நாள்ல தண்ணி திரும்ப ஏறிடும். எல்லாம் போச்சு. இன்னும் ரெண்டு வாரந்தான். அப்புறம் உன்னைய யாரும் திருப்பி அனுப்ப முடியாது." அவர் குரல் உடைந்தது. "என்னைய அனுப்பின மாதிரி அனுப்ப முடியாது."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் மனம் கணக்குப் போடத் தொடங்கியிருந்தது: மூணு நாளில் எவ்வளவு ஏறும், டேப் எவ்வளவு காட்டும். அந்தக் கணக்கு அப்பாவின் குரலிலேயே ஓடியதை அவள் கவனித்தாள்.

மறுநாள் காலையில் அவர் டம்ளரை நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சேரும் நாளில் வெயில் கொளுத்தியது. தராசில் வரம்புக்கு மேல்தான் காட்டியது. இரண்டு பெண் அதிகாரிகள் அவளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி டேப் வைத்தார்கள். ஒருத்தி சொல்ல இன்னொருத்தி சரிபார்த்தாள். "தேறிட்டே, போ," என்றாள். முடியை வெட்டினார்கள், பூட்ஸ் கொடுத்தார்கள். வரிசையில் நிற்கவும் திரும்பவும் கற்றுக்கொடுத்தார்கள். பிற்பகலில் மைதானத்தைக் கடக்கும்போது அவள் நெஞ்சு ஒரு துடிப்பை விட்டது. இன்னொன்றையும் விட்டது. சரளைக்கல் முகத்துக்கு நேரே எழுந்து வந்ததுபோல் இருந்தது.

கண் திறந்தபோது நெஞ்சில் ஒயர்கள். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பிள்ளையை விட்டுவிட்டு ஊர் திரும்பும் பாதி வழியில் செய்தி கிடைத்துத் திரும்பி வந்திருந்தார்.

"டேப்புல?" என்றார்.

"தேறிட்டேன்."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அந்த அழுகை சந்தோஷத்தில் வந்தது என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

டாக்டர் உள்ளே வந்து அப்பாவை வெளியே நிற்கச் சொன்னார். "உன் ரத்தத்துல பொட்டாசியம் உப்பு ரொம்ப இறங்கிப்போச்சு. இதயம் நின்னிருக்கும். நீரை இறக்கற மருந்து சாப்பிட்டிருக்கே. யார் குடுத்தா?"

கதவின் கண்ணாடி வழியாக அப்பாவின் தொப்பி தெரிந்தது.

"நானேதான். மாட்டு மாத்திரை. எங்க பண்ணையில இருந்துச்சு."

"வீட்டுல யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது."

அன்றோடு அவள் இடம் போயிற்று. மருந்து தின்று ஏமாற்றியவள் என்று பெயர் எழுதி அனுப்பினார்கள். வீட்டுக்குப் போக அவளுக்கு மனம் வரவில்லை. மேடிசன் நகரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கி, ஒரு ரொட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கெண்டைக்கால் வலி மெல்லக் குறைந்தது. பெரியம்மா கேள்வி கேட்காதவள். அவள் வைத்த வெண்ணெய் ரொட்டியை ப்ரென்னா பயமில்லாமல் சாப்பிடவே இலையுதிர் காலம் ஆகிவிட்டது.

அக்டோபரில் ஜோடி போனில் கூப்பிட்டாள். பள்ளிக்கூடக் கதை, ஒரு பையன் கதை என்று எதையெதையோ பேசினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, அப்பா என்னையும் அந்தக் காலேஜுக்கு அனுப்பப் போறாராம். இப்பவே தொடங்கினாத்தான் சரியா வருமாம்."

"உனக்குத்தான் உடம்பே இல்லியேடி."

"அதான். குறைஞ்சபட்ச எடைன்னும் ஒண்ணு இருக்காம்ல. எனக்கு அது இல்லியாம். காலையில அவரே ஏதோ கலக்கித் தர்றாரு. ஒரு மாதிரி கசக்குது. ரெண்டு மாசத்துல முகமெல்லாம் உப்பிப்போச்சு. தோள்ல பருவா வருது." ஜோடி சிரித்தாள். "குரல் பாரு, ஆம்பள மாதிரி ஆயிடுச்சு."

ப்ரென்னாவுக்கு அதுவரை ஜலதோஷம் என்று தோன்றியிருந்தது அந்தக் குரல்.

"ஜோடி, கேளு. அது மாட்டுக்குச் சதை ஏத்தற ஹார்மோன் மருந்தா இருக்கும். நாளைக்கு அதக் குடிக்காத. கொட்டிடு. அவர் நின்னு பார்த்தாலும் குடிக்காத. அம்மாகிட்ட போனக் குடு."

"அம்மா தொழுவத்துல இருக்காங்க."

"போய்க் குடு."

ஜோடி நடக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது, மாடு கத்தியது. பிறகு அம்மாவின் மூச்சு. ப்ரென்னா ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யை முதலில் சொன்னாள். பிறகு பால் அறையில் நடந்ததைச் சொன்னாள். தெரிந்தே குடித்ததையும் விடவில்லை.

"நீயேதான் தின்னேன்னு அவரு எங்கிட்ட அழுதாரு," என்றாள் அம்மா கடைசியில். "நான் அவரைத் தேத்தினேன், ப்ரென்னா. உம்மேலதான் எனக்குக் கோபம் வந்துச்சு."

"தெரியும்மா."

"டேப்பப் பிடிச்சது நான்." எங்கோ பின்னால் அப்பாவின் குரல் கேட்டது, யார் போனில் என்று. அம்மா குரலை அடக்கிக்கொண்டாள். "வண்டி எடுத்துட்டு வா. நானும் ஜோடியும் ரோட்டுல நிப்போம். வீட்டுக்குள்ள வராத."

பெரியம்மா கேட்காமலேயே சாவியை எடுத்து நீட்டினாள். ப்ரென்னா வடக்கே வண்டியை விரட்டினாள். சோளம் அறுத்த வயல்கள் இருபுறமும் வெறிச்சோடிக் கிடந்தன. பண்ணைச் சாலை திரும்பும் முனையில் அம்மா நின்றிருந்தாள், ஜோடியின் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு, பெட்டி கூட இல்லாமல். அவர்களுக்குப் பின்னால், வீட்டு வாசலில் அப்பா நின்றார். ஓடி வரவில்லை, கூப்பிடவுமில்லை. அவர்கள் இருவரும் வண்டியில் ஏறுவதை, ஏதோ கணக்குப் போடுகிறவர்போல் தலையைச் சற்றே சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.