குழாய் தெரியும் கடல்

ஹோட்டல் வரவேற்பறைக்குக் கடற்கரையை வரைந்து தரும் வேலை ஓவியக்காரிக்குக் கிடைத்தபோது, அவள் கணவனுக்குத்தான் தலைகால் புரியவில்லை. கடற்கரைச் சாலையில் சலூன் வைத்திருந்தவன், முடிவெட்ட வந்த எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தான்.

அவள் தினமும் விடிந்ததும் பாறைமேல் போய் உட்கார்ந்தாள். கித்தான் முழுக்க மங்கிய பழுப்பைப் பூசி, காய்ந்தபின் நீலமும் பழுப்பும் குழைத்த சாம்பல் நிறத்தை மெல்லிய அடுக்குகளாக ஏற்றினாள். ஈர மணலின் பளபளப்புக்காகத் தட்டைக் கத்தியால் பாதி வண்ணத்தைச் சுரண்டினாள். நுரைக்கு வெள்ளை வைக்கவில்லை. அந்தக் கரையில் நுரை மஞ்சளாகத்தான் ஒதுங்கியது. ஹோட்டலின் கழிவுநீர்க் குழாய் பாறைகளுக்கு நடுவே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதையும் வரைந்தாள்.

முடிந்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டியதும் ஹோட்டல் மேலாளர் தாடையைத் தடவினார். வேலைப்பாட்டில் குறையில்லை, ஆனால் பார்த்தாலே மனசு கனக்கிறது என்றார். கடலை நீலமாக்கி, கொஞ்சம் வெயில் காட்டி, குழாயை ஒரு பாறையால் மறைத்துவிடச் சொன்னார்.

"கனக்கணும்னுதான் சார் வரைஞ்சேன்," என்றாள் அவள். "நீங்க அங்க குழாயை எடுங்க, நான் இங்க எடுத்துடறேன்."

வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவளைப் படத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒரு பாறைதானே, வரைந்து தொலைத்தால் என்ன என்று கணவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். மறுநாள் காலை அவள் அவனைக் கையோடு அந்தக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். இத்தனை வருஷம் அதே சாலையில் கடை நடத்தியவன் அங்கே இறங்கிப் பார்த்ததே இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். திரும்பி வந்ததும், சலூனில் நாற்காலிக்கு நேர் எதிரே படத்தை மாட்டினான்.

கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்தவர்களுக்கு அதைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் கடலில் குளித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. பேச்சு ஹோட்டல்வரை போய், மேலாளரே வந்து நின்றார். கணவன் அவளை வரவழைத்தான்.

எங்கள் பெயரைக் கெடுக்கிறாய், கழற்று என்றார் அவர்.

"இதுல எந்தப் பேரும் நான் எழுதலையே சார்," என்றாள். "உங்க குழாய்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

காத்திருந்தவர்கள் செய்தித்தாளை மடித்துவிட்டு அவரையே பார்த்தார்கள். அவர் விறுவிறுவென்று படியிறங்கினார்.

ஹோட்டலில் இப்போது நீலக் கடல் தொங்குகிறது. குழாயும் இன்னும் இருக்கிறது. ஓவியக்காரி இரண்டு மடங்கு பெரிய கித்தானைச் சட்டத்தில் அறைந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, இந்தமுறை குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.