குறைந்து வந்த எண்

தராசு பழுதுபார்க்கும் அந்த மனுஷனுக்குக் கடைத்தெருவில் ‘முள்ளு’ என்று பட்டப்பெயர். தராசு முள் நடுவில் வந்து நிற்கும்வரை யாரையும் விடமாட்டார். காய்கறிக்காரர் முதல் நகைக்கடைக்காரர் வரை அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. “ஒரே சரக்கை ரெண்டு தராசுல மாத்தி மாத்தி நிறுக்காதீங்க, கணக்கு உதைக்கும்” என்பது அவர் தினமும் பாடும் பாட்டு.

அப்பேர்ப்பட்டவர்தான், வயிற்றுப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன பிறகு, நோயின் போக்கை அறிய ரத்தத்தில் பார்க்கும் மார்க்கர் எண் ஏறி, டாக்டரம்மா புது மருந்துக்குத் தேதி குறித்ததும் லேப் லேபாக அலைந்தார். ஆஸ்பத்திரி லேபில் ஏறிய எண் வெளியே ஒரு லேபில் பாதியாகக் குறைந்து வந்தது. அந்தத் தாளை மனைவியிடம் நீட்டினார்.

“ஆஸ்பத்திரி மெஷின்லதான் கோளாறு. புது மருந்தெல்லாம் இப்ப வேணாம்.”

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்காவுக்குப் போன், நாத்தனாருக்குப் போன். புது மருந்து ஏற்றக் குறித்திருந்த தேதியை ஆஸ்பத்திரியில் சொல்லித் தள்ளிப்போட்டதும் அவள்தான். தேறி வருகிற உடம்பில் எதற்கு இன்னொரு விஷம்? பாவம், அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

டாக்டரம்மா விடுகிற ஆளில்லை. தானே போன் போட்டு இருவரையும் வரவழைத்து, மறுபடி ஆஸ்பத்திரி லேபிலேயே ரத்தம் எடுக்க வைத்தார். எண் இன்னும் ஏறியிருந்தது. ஸ்கேனில் ஈரலில் புள்ளிகள் தெரிந்தன.

“ஒவ்வொரு லேபும் ஒவ்வொரு முறையில பாக்கும்மா. அந்த எண்ணை இதோட சேத்துப் பாக்கக் கூடாது. ஒரே எடத்துல பாத்து, ஏறுதா இறங்குதான்னு கவனிக்கணும். அதுவும் ஒரு துப்புதான். எத்தனை நாள்னு அது சொல்லாது.”

“வேற எது சொல்லும் டாக்டர்?” என்றாள் மனைவி.

“எதுவும் கறாரா சொல்லாது. இது வேகமா பரவுற வகை. முழுசா குணமாகும்னு சொன்னா அது பொய். ஆனா எடுத்த கட்டியில ஒரு அடையாளம் இருக்கு. அதைக் குறிவச்சு வேலை செய்ற மருந்து உண்டு. சில பேருக்கு ஒரு வருஷத்துக்கு மேலயும் நோயைப் பிடிச்சு வைக்குது. அன்னைக்கே ஆரம்பிச்சிருக்கலாம். இன்னைக்காவது ஆரம்பிப்போம்.”

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

“ரெண்டு தராசுல நிறுக்காதேன்னு ஊருக்கே சொல்றவரு நீங்க. உங்களுக்கா இது தெரியாது?”

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“அந்தத் தாளைப் பாத்த அன்னைக்கு நீ தூங்கின. எனக்கு நோய் வந்ததுலேர்ந்து நீ நிம்மதியா தூங்கி நான் பாக்கல. மருந்து கொஞ்சம் தள்ளிப்போனா போகட்டும்னு விட்டுட்டேன்.”

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இருப்பதே கொஞ்ச நாள். அதிலிருந்து எடுத்து அவள் தூக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார் இந்த மனுஷன். இவரை அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மருந்து ஏற்ற நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

மனைவி அவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டாள். “இனிமே நான் தூங்குறதும் முழிக்கிறதும் என் பாடு. நீங்க உள்ள போங்க.”